எண்ணூர் சேற்றில் என்ன இருக்கிறது?

[காட்சி: எண்ணூர் முகத்துவாரம். இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள்.]

வணக்கம். வடசென்னையில் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடம் இது. இங்கே ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், காரீயம் போன்ற நச்சு உலோகங்களெல்லாம் பெரிதாக இல்லை என்றுகூட முடிவு வரலாம். அதைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. இந்தப் பெண்களின் காலுக்கடியில் இருக்கும் சேற்றையும் பார்த்தாக வேண்டும்.

[வரைபடம்: ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடம்.]

ஆறு கொண்டுவரும் களிமண் துகள்களின் மேல் ஒரே வகை மின்சுமை, அதாவது எதிர்மின்சுமை இருக்கிறது. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, அடியில் தங்காமல் மிதந்தே வருகின்றன. உலோகங்கள் பெரும்பாலும் இந்தத் துகள்களில் ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்கின்றன. கடலின் உப்பு கலந்ததும் அந்தத் தள்ளல் அடங்கிவிடும். துகள்கள் ஒன்றுகூடி, கனத்துக் கீழே இறங்கும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரியுமே, ஏறக்குறைய அப்படி. தண்ணீர் தெளிகிறது, உலோகம் சேற்றுக்குப் போய்விடுகிறது. காட்மியம் மட்டும் வேறு மாதிரி. உப்பிலுள்ள குளோரைடோடு சேர்ந்து, துகளை விட்டுவிட்டுத் தண்ணீருக்கே திரும்பிவிடும்.

சேற்றில் கால் புதைந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும், கவனித்திருப்பீர்கள். அந்தக் கறுப்புச் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அங்குள்ள பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றுகின்றன. சல்ஃபைடு பல உலோகங்களைக் கெட்டியாகப் பிடித்துவைக்கும். தூர்வாரும்போது காற்றுப் பட்டால் அந்தப் பிடி தளரும். முகத்துவாரம் அடைத்தால் தூர்வாராமல் முடியாது, சரி. ஆனால் அள்ளுவதற்கு முன் சேற்றைச் சோதிக்காமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

[காட்சி: சாம்பல் குழாய்கள், வெளிறிய படுகை.]

1994 முதல் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் குழம்பு, குழாய்கள் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிறது. அந்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கசிந்து, சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. படகு போன இடங்கள் மேடாகிவிட்டன என்று மீனவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். நிலக்கரியில் இருக்கும் கரி எரிந்துவிடும். ஆனால் குரோமியம், காரீயம், ஆர்சனிக் எரிந்து இல்லாமல் போவதில்லை. நிலக்கரியில் துளியளவு இருந்தது சாம்பலில் செறிந்து நிற்கிறது.

அதற்காக, சேற்றில் காரீயம் இருந்தாலே மாசு என்று சொல்லிவிடவும் கூடாது. எந்தக் களிமண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும். களிமண்ணில் அலுமினியம் தாராளமாக உண்டு. அதனால் அலுமினியத்தோடு ஒப்பிட்டு, மண்ணே கொண்டுவந்தது எவ்வளவு, பிறகு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள்.

[காட்சி: ஓடு திறந்த சிப்பி.]

அப்புறம், சிப்பியும் மட்டியும். இவை மீனைப் போல வேறிடம் நீந்திப் போவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து, மணிக்கு லிட்டர் கணக்கில் தண்ணீரை வடிகட்டி, அதில் வரும் துகள்களைத் தின்கின்றன. ஒரு பாட்டில் தண்ணீர் அந்த நிமிடத்தைக் காட்டும். சிப்பியின் சதை பல மாதங்களைக் காட்டும். இதனால்தான் அமெரிக்கா 1986 முதல் தன் கரையோரச் சிப்பிகளைத் தொடர்ந்து சோதித்து மாசைக் கண்காணிக்கிறது.

வேகவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. நல்ல தண்ணீரில் ஓரிரு நாள் விட்டுவைத்தால் பாக்டீரியா பெரும்பாலும் வெளியேறிவிடும். உலோகம் குறைய மாதக்கணக்கில் ஆகும்.

ஐரோப்பிய ஒன்றியம் சிப்பி, மட்டி வகைகளில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியம், 1.5 மில்லிகிராம் காரீயம் வரை அனுமதிக்கிறது. கவனியுங்கள், இது ஒரு கிலோ சதைக்கான அளவு. எப்போதாவது உணவகத்தில் ஒரு தட்டு சாப்பிடுபவருக்கும், வாரத்தில் பல நாள் வீட்டில் மட்டிக் குழம்பு வைக்கும் குப்பத்துக் குடும்பத்துக்கும் அதே எண்தான். உடம்பில் சேரும் அளவு மட்டும் ஒன்றல்ல.