அந்தக் கல்லை நேராகப் போட்டால் என்ன?

போன வாரம் கியோட்டோவில் இருக்கிற கத்சுரா அரச மாளிகையின் தோட்டத்தைப் பற்றிப் பேசினேன் அல்லவா, அதற்கு ஒரு நேயர் கேட்கிறார்: “நீங்கள் காட்டிய படங்களில் பாதி, கல்லும் உங்கள் ஷூவும்தான். தோட்டத்தைப் பார்க்கப் போனீர்களா, தரையைப் பார்க்கப் போனீர்களா? அந்தக் கல்லை நேராகப் போட்டுத் தொலைத்தால் என்ன?” சிரித்துவிட்டேன். அப்புறம் இரண்டு நாளாக இதே யோசனை.

சரி. நடைவழியில் அடிக்கு ஒன்றாக, இடைவெளி விட்டுப் பதித்திருக்கும் அந்தக் கற்களுக்குத் தோபிஇஷி என்று பெயர். தேநீர்ச் சடங்கு நடக்கும் குடிலுக்குப் போகிறவர்கள் செருப்பில் சேறு படக்கூடாது, பாசியும் மிதிபடக்கூடாது. அதற்காக வந்த ஏற்பாடு. எப்படிப் போடுவது என்பதில்தான் குருவும் சீடரும் இரண்டு கட்சி. நடப்பதற்கு ஆறு பங்கு, அழகுக்கு நாலு பங்கு என்பது தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் கணக்காம். சீடர் ஃபுருதா ஓரிபே அதை அப்படியே புரட்டிவிட்டார்: நடைக்கு நாலு, அழகுக்கு ஆறு. 1591இல் ஒருவர், 1615இல் மற்றவர், இரண்டு பேருமே ஆட்சியாளர் கட்டளைப்படி வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார்கள். அது வேறு கதை, கல்லால் வந்த வினை அல்ல.

நான் எப்போதும் சொல்வதுதான்: ஜப்பானியத் தோட்டம் உங்கள் காலைப் பிடித்துத்தான் கண்ணைத் திருப்பும். கல் சின்னதாக, கோணல்மாணலாகப் போனால் குனிந்துதானே ஆகவேண்டும்? குனிந்தே போகிறீர்கள். திடீரென்று இரண்டு காலையும் வைக்கும்படி ஒரு பெரிய கல். நிற்கிறீர்கள், தலை தானாக நிமிர்கிறது, எதிரே குளம். நீங்கள் எங்கே நிமிரவேண்டும் என்பதைக் கல் போட்டவர் அன்றைக்கே முடிவுசெய்துவிட்டார். கத்சுராவில் குசும்பு இன்னும் அதிகம். ஆரம்பத்திலேயே இரண்டு பக்கமும் செடிவேலி, அதன் நுனியில் ஒரு சின்னப் பைன் மரம். குளத்தை மறைக்கவே வைத்தது. எட்டிப் பார்க்கப் போய் நான் ஒரு காலைப் பாசியில் விட்டேன்.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்கவேண்டியது நாலாவது படத்தை. வழி பிரியும் இடத்தில் தேங்காய் அளவில் ஒரு கல் இருந்ததே? பொட்டலம் கட்டுவதுபோலக் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புக் கயிறு, மேலே தூக்குவதற்கு ஒரு முடிச்சு. செகிமோரி இஷி, அதாவது காவல் கல். இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். பலகை கிடையாது, சங்கிலி கிடையாது, சின்னப் பிள்ளைகூடத் தாண்டிவிடலாம். பாசியில் கால் விட்ட நானே அதைப் பார்த்ததும் பேசாமல் அடுத்த வழியில் திரும்பிவிட்டேன்.