கறுப்பு ஒயர் எந்த ஸ்க்ரூவுக்கு? படகுக் கனெக்டர் பற்றிய கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ரெண்டு நாளா இது மனசைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு, அதனால இன்னைக்கு இதுக்குக் கொஞ்சம் கூடுதலா நேரம் எடுத்துக்கிறேன். கேட்டவர் குளச்சல் பக்கத்துத் தம்பி, கொச்சி போல்காட்டி மரினாவுல ஒரு பாய்மரப் படகைப் பராமரிக்கிறார். அமெரிக்காவுல கட்டின படகு, பழைய ஓனர் உள்ள எல்லாத்தையும் 230 வோல்ட்டுக்கு மாத்திட்டாராம். ஜெட்டியிலிருந்து கரண்ட் எடுக்கிற கேபிள்ல, படகுப் பக்கத்து நீலக் கனெக்டர் கருகிப் போச்சு. புதுசு 16 ஆம்பியர் வாங்கி வச்சாச்சு. கேபிள் மட்டும் பழைய அமெரிக்கக் கேபிள்; உள்ள கறுப்பு, வெள்ளை, பச்சை. "அண்ணே, எது எங்க போகும்?"ன்னு கேட்கிறார்.

தம்பி, நீங்க கேட்காம மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுத்தான் எனக்குக் குடைஞ்சது. நம்ம ஊர்ப் பழைய வயரிங்ல கறுப்புன்னா நியூட்ரல். மார்த்தாண்டத்துல வேலை பழகுற பையன்கூடக் கண்ணை மூடிக்கிட்டு அதை நியூட்ரல்லதான் மாட்டுவான். அமெரிக்க கேபிள்ல அதே கறுப்புதான் பேஸ். வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். அப்போ கறுப்பு 'எல்' போட்ட ஸ்க்ரூவுக்கு, வெள்ளை 'என்' போட்டதுக்கு, பச்சை எர்த் குறி போட்டதுக்கு. மாத்தி மாட்டினாலும் லைட் எரியும், ஃபேன் சுத்தும், யாருக்கும் சந்தேகமே வராது. ஆனா உள்ள ஒரே ஒயரை மட்டும் அறுக்கிற சிங்கிள் போல் பிரேக்கர் இருந்தா, ஆஃப் பண்ணும்போது நியூட்ரல்தான் அறுபடும், பேஸ் உள்ளயே நிக்கும்.

இன்னொண்ணு, முன்னாடி வேலை பார்த்தவர் ஜெட்டிப் பக்கத்து பிளக்ல எப்படி மாட்டியிருக்கார்னு நமக்குத் தெரியாது. கேபிளை ரெண்டு பக்கமும் கழட்டி வச்சுட்டு, மல்டிமீட்டரை பீப் சத்தத்துல போட்டு, பிளக்கோட 'எல்' பின்னிலிருந்து எந்த ஒயர் வருதுன்னு பார்த்த பிறகு மாட்டுங்க.

கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனா கனெக்டர் ஏன் கருகிச்சுன்னு தம்பி கேட்கலை. அதைப் பார்க்காம புதுசை மாட்டினா, அதுவும் கருகும்.

லூஸ் கான்டாக்ட் பத்தி பழைய வீடியோக்கள்ல சொன்ன அதே கணக்குதான் மக்களே. ஸ்க்ரூ பிடிக்கிற இடத்துல வெறும் 0.1 ஓம் தடை இருக்குன்னு வைங்க. 16 ஆம்பியர் ஓடினா, 16 பெருக்கல் 16 பெருக்கல் 0.1, 25.6 வாட். ஒரு சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதைப் பழுக்க வச்சு பிளாஸ்டிக்குக்குள்ள செருகி, ராத்திரி முழுக்க ஏசி ஓட விட்ட மாதிரி. பிரேக்கர் விழாது, ஏன்னா ஓடுறது அதே 16 ஆம்பியர்தான்.

இந்தப் படகுல அந்தத் தடை எப்படி வந்திருக்கும்? அமெரிக்க 30 ஆம்பியர் கேபிள்னா வழக்கமா 10 கேஜ், அதாவது ஒரு ஒயர் 5 சதுர மில்லிமீட்டருக்கு மேல. 16 ஆம்பியர் நீலக் கனெக்டரோட துளை 2.5 சதுர மில்லிமீட்டருக்குச் செஞ்சது. நுழையாது. நுழையலைன்னா கட்டிங் பிளையரை எடுத்து பாதி இழையை நறுக்கிட்டு, மீதியை முறுக்கித் திணிப்பாங்க. உங்க கருகின கனெக்டரைத் திறந்து பாருங்க, இதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். அதனால அந்தக் கேபிளையே விட்டுடுங்க. 2.5 சதுர மில்லிமீட்டர், மூணு கோர், ரப்பர் உறை போட்ட கேபிள், ஈயம் பூசின தாமிர இழையா கிடைச்சா நல்லது. 15 மீட்டருக்கு முழு லோடுல மூணரை வோல்ட் மாதிரி குறையும், பரவாயில்லை. ஒத்தைக் கம்பி ஒயர் படகு ஆட்டத்துல ஒடிஞ்சு போகும்.

பழைய கேபிளையேதான் போடணும்னா, துளைக்கு அது பொருந்தணும். அதோட முனையைச் சீவிப் பாருங்க. தாமிரம் கறுத்து, பச்சைக் களிம்பு ஏறியிருந்தா, பளிச்சுன்னு செம்பு நிறம் வர்ற வரைக்கும் வெட்டிக்கிட்டே போங்க, ஒரு அடி போனாலும் போகட்டும். களிம்பு மேல ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் அந்த சால்டரிங் அயர்ன் உள்ள உட்கார்ந்துதான் இருக்கும்.

மாட்டுறப்போ, முதல்ல மூடியையும், கேபிளை இறுக்கிப் பிடிக்கிற கிளாண்ட் நட்டையும் கேபிள்ல கோத்துக்கோங்க. எல்லாம் முறுக்கி முடிச்ச பிறகு கோக்க மறந்தது தெரியும், மறுபடி கழட்டணும். எர்த் ஒயரை மத்த ரெண்டை விட ஒண்ணரை சென்டிமீட்டர் நீளமா விடுங்க. யாராவது கேபிளை இழுத்துப் பிடுங்கினா எர்த் கடைசியா அறுபடணும். இழை முனைக்கு ஃபெரூல், அதாவது சின்ன உலோகக் குழாய், போட்டு நசுக்கி கிரிம்ப் பண்ணுங்க. ஈயம் உருக்கி வைக்காதீங்க. ஸ்க்ரூ அழுத்தத்துல ஈயம் மெல்ல நசுங்கி, சில மாசத்துல லூசாகும். ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பாருங்க. கிளாம்ப் வெளி உறையைப் பிடிக்கணும், உள் ஒயரை இல்ல.

அப்புறம் ஜெட்டிப் பக்கம் மட்டும் செருகி, படகுப் பக்கத்துக் கனெக்டர்ல அளந்து பாருங்க. பேஸ்-நியூட்ரல் 230, பேஸ்-எர்த் 230, நியூட்ரல்-எர்த் சில வோல்ட். நியூட்ரல்-எர்த்துல 230 காட்டினா எங்கேயோ பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கு. பேஸ்-எர்த் 80, 100னு ஆடுச்சுன்னா எர்த் அறுந்திருக்கு. எல்லாம் சரின்னா அரை மணி நேரம் முழு லோடு போட்டு கனெக்டரைத் தொடுங்க. கை வைக்க முடியாத சூடுன்னா உடனே ஆஃப் பண்ணிட்டுத் திறங்க. மாட்டுறப்போ முதல்ல படகுப் பக்கம், பிறகு ஜெட்டி; கழட்டுறப்போ முதல்ல ஜெட்டி. மழைத்தண்ணி கேபிள் வழியா வடிஞ்சு கனெக்டருக்குள்ள இறங்காம, அதுக்கு முன்னாடி கேபிளைக் கொஞ்சம் கீழே தொய்வா விடுங்க.

நான் எதிர்பார்த்த கேள்வி எர்த் பத்தினது. மரினாவுல சிலர், படகோட மத்த உலோகம் அரிக்காம இருக்க அடியில மாட்டுற துத்தநாக ஆனோடு சீக்கிரம் கரையுதுன்னு எர்த் ஒயரையே வெட்டி விட்டுடறாங்க. பக்கத்துப் படகோட எர்த் வழியா வர்ற சின்ன டிசி கரண்ட்தான் அதைக் கரைக்குது, உண்மைதான். அதுக்குன்னே கால்வானிக் ஐசொலேட்டர் இருக்கு. எர்த் ஒயர்ல தொடரா வச்சா, ஒரு வோல்ட்டுக்குக் கிட்ட வர்ற டிசியைத் தடுக்கும், பழுது வந்தா ஏசி கரண்டை எர்த்துக்குப் போக விட்டுடும். எர்த்தை வெட்டினா, படகுல கசியற கரண்ட் அடிப்பக்க உலோகம் வழியா தண்ணிக்குள்ள இறங்கும்.

மழைக்காலத்துல காயல்ல ஆத்துத் தண்ணி நிறைஞ்சு உப்பு குறையும். உப்புத் தண்ணியில கரண்ட் மனுஷனைச் சுத்திக்கிட்டுப் போயிடும். நல்ல தண்ணியில மனுஷ உடம்புதான் சுலபமான வழி. நீந்துறவர் கை கால் இழுத்துக்கிட்டு முங்கிடுவார். அதனால ஜெட்டியிலிருந்து கரண்ட் எடுக்கிற படகு எதுவா இருந்தாலும், படகுல கேபிள் செருகுற இன்லெட்டிலிருந்து 3 மீட்டருக்குள்ள 30 மில்லி ஆம்பியர் ஆர்சிபிஓ (கரண்ட் கசிஞ்சாலும் ஓவர்லோடு ஆனாலும் விழுற பிரேக்கர்) ஒண்ணு, பேஸ் நியூட்ரல் ரெண்டையும் அறுக்கிற ரெண்டு போல் வகையா, கட்டாயம் போடுங்க. கரண்ட் இருக்கும்போது மாசம் ஒரு தடவை அதோட டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. விழலைன்னா, மாத்துற வரைக்கும் அந்தக் கேபிளைச் சுருட்டி உள்ள வைங்க.