வேலியோரத்துச் செங்காந்தளும் சிவப்புப் பட்டியலும்

நேயர்களுக்கு வணக்கம். கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கண்வலிக்கிழங்கை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மலையாளத்தில் மேந்தோன்னி என்பதும், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் என்பதும் இதுவே.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இச்செடி, அழியும் ஆபத்து குறைந்த இனங்களின் வரிசையில் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை பரவிக் கிடக்கும் செடிக்கு அந்த இடம் தவறில்லை. ஆனால் அது உலகம் முழுமைக்குமான கணக்கு. வட்டார மதிப்பீட்டுக்கென்று அதே சங்கம் தனி நெறிமுறையும் வகுத்திருக்கிறது. பத்து ஆண்டுகள், மூன்று தலைமுறைகள் ஆகிய இரண்டில் நீண்ட காலத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் ஓரினம் 30 விழுக்காடு குறைந்திருந்தால், அது அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகக் கருதப்படும். கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பிவேலி போட்டுவரும் நம் பகுதியை அளக்க வேண்டியது இந்த இரண்டாவது கோலால்தான் என்பது என் கருத்து.

இச்செடி குறைவதற்கு வேலி போனது ஒரு காரணமென்றால், கிழங்கைத் தோண்டுவது மற்றொன்று. இச்செடியிலுள்ள கோல்சிசின் கடும் நஞ்சு; அளவறிந்து கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்து. விதையில் அது மிகுதி என்பதால், ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் பந்தலிட்டுப் பயிர் செய்கிறார்கள். பயிர் செய்தால் காட்டுச் செடி தப்பிக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது அதுவன்று. விதை முளைத்துப் பூக்கச் சில ஆண்டுகள் ஆகுமாதலால் நடவுக்குக் கிழங்கே வேண்டியிருக்கிறது. அந்தக் கிழங்கைத் தேடிக் கடப்பாரையுடன் வேலியோரத்துக்கும் காட்டோரத்துக்கும் வந்தார்கள்.

கலப்பைபோல் இரண்டு கிளையாகப் பிரிந்திருக்கும் அக்கிழங்கைக் கையிலெடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரேயொரு முளைக்கண் இருக்கும். வேறெங்கும் முளை கிளம்பாது. நுனி ஒடிந்துவிட்டால் எவ்வளவு பருத்த கிழங்கானாலும் பயனில்லை. ஆகவே அவசரத்தில் தோண்டுபவர் எடுத்துச் செல்வதைப் போலவே வீணாக்குவதும் ஏராளம். தோண்டித்தான் ஆக வேண்டுமென்றால், நுனி கெடாத ஒரு கிளையைக் குழியிலேயே விட்டு மண்ணை மூடலாம். அடுத்த மழைக்கு அது கொடிவிடும்.

மழை முடிந்து கொடி காய்ந்தபின் தரையில் அடையாளமே இராது. எனவே கணக்கெடுப்பதானால் பூத்திருக்கும்போதே எடுக்க வேண்டும். கல்லூரித் தாவரவியல் மாணவர்களைக் கொண்டு, ஊராட்சி வாரியாக இதைச் செய்துவிடலாம். பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. தொழிலுறப்பு எனப்படும் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் வாய்க்கால் கரையைச் செதுக்கும்போதும், காய் வெடித்துச் செந்நிற விதைகள் உதிரும்வரை கொடியுள்ள இடத்தை மட்டும் விட்டுவைக்குமாறு வார்டு உறுப்பினர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.