லாக் படிக்கப் பழகுகிறேன்

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் பாளையங்கோட்டையைச் சேர்ந்த பொறியியல் மாணவி. வண்ணார்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தில் சைபர் பாதுகாப்பு இன்டர்ன்ஷிப் செய்துவருகிறேன். இந்தப் பக்கத்து ஆலைகள், கடைகள், மருத்துவமனைகளின் சர்வர்களை, அதாவது கணக்கும் கோப்பும் இருக்கும் மையக் கணினிகளை, கவனித்துக்கொள்வதுதான் அங்கே தொழில்.

சேர்ந்ததும் முதலில் காட்டியது ஓர் அனுமதிக் கடிதம். எந்தெந்தக் கணினியைச் சோதிக்கலாம், எந்த நேரத்தில் சோதிக்கலாம் என்று வாடிக்கையாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டது. அது இல்லாமல் அடுத்தவர் கணினியைத் தொடவே கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66-ஆம் பிரிவுகளின்படி, மோசடி எண்ணத்தோடு நுழைந்தவருக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். கல்லூரியிலும் இதையே முதல் பாடமாக வைக்க வேண்டும் என்பேன்.

அப்புறம் லாக் படிக்க உட்காரவைத்தார்கள். சர்வருக்குள் யார், எப்போது, எங்கிருந்து வந்தார்கள் என்பது வரிவரியாக அதில் பதிவாகும். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைகிற வாசல் 22-ஆம் போர்ட். அது வெளியே திறந்திருந்தால் போதும், ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயரை மாற்றி மாற்றிக் கடவுச்சொல் போட்டுப் பார்த்த வரிகள் பக்கம் பக்கமாக வரும். இணைய முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கிற நிரல்களின் வேலை அது. ‘நம்ம சின்ன அரிசி ஆலையை யார் தேடி வரப்போறா?’ என்று கேட்கிற அண்ணாச்சிமார் உண்டு. அந்த நிரலுக்கு ஆலையும் தெரியாது, ஊரும் தெரியாது. திறந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

எனக்குச் சொல்லித்தரும் அக்கா ஒரு வரியைக் காட்டினார். கணக்குப் பிரிவு ஊழியர் பெயரில், அதிகாலை 3.35-க்கு ஒரு நுழைவு. “இது திருட்டா, இல்லையா, சொல்லு பார்ப்போம்” என்றார். பிறகு அவரே விளக்கினார். அந்த சர்வர் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நமக்குக் காலை 9.05, ஊழியர் வந்து வேலையைத் தொடங்கும் நேரம். அதே பெயரில் 20.10 என்று இருந்தால் நமக்கு நள்ளிரவு தாண்டி 1.40. அதைத்தான் விடாமல் விசாரிக்க வேண்டும்.

வழக்கம் தெரியாதவருக்கு வழக்கத்துக்கு மாறானது தெரியாது. குறுக்குத்துறையில் தினமும் குளிக்கிறவருக்குத்தானே ஆறு ஒரு படி ஏறியிருப்பது கண்ணில் படும்? அதனால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். கடை எத்தனை மணிக்குத் திறக்கும், தகவல்களை நகலெடுத்து வைக்கும் பேக்கப் எப்போது ஓடும், மாதக் கடைசியில் யார் ராத்திரி வரை இருந்து கணக்கு முடிப்பார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. பாடப்புத்தகம் தராத அறிவு இது, கேட்டுக் கேட்டுத்தான் சேர்க்க முடியும்.

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் இட்ட உத்தரவுப்படி, லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தாக்குதலைக் கவனித்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சரி, லாக் படிக்க ஆளே இல்லாத இடத்தில் யார் கவனிப்பார்கள்? சிறிய நிறுவனங்களை நினைத்தால் எனக்கு இதுதான் பெரிய கவலை.

வழக்கம் தெரிந்தால்தான் மோசடி தெரியும் என்பது வீட்டிலும் அப்படித்தான். ‘இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழைக்கவும்’ என்று எங்கள் ஆச்சிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. “ரெண்டு மாசத்துக்கு ஒருக்கதானே கட்டணும், போன வாரம்தானே கட்டினோம்?” என்று ஆச்சி கேட்டார்கள். கேட்டது நல்லதாயிற்று. அந்த எண்ணை அழைத்தால் ஒரு செயலியைப் போடச் சொல்வார்கள், அது நம் போன் திரையை அவர்களுக்குக் காட்டும். பிறகு ‘பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள்’ என்பார்கள். நாம் தட்டுகிற எழுத்து, வருகிற ஓடிபி எல்லாம் அவர்கள் கண் முன்னால் இருக்கும்.

ஒருவேளை பணம் போய்விட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. எந்தக் கணக்கு, எவ்வளவு தொகை, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள், அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

நன்றி, வணக்கம்.