கடிகாரத்தை நம்பிக் கெட்டேன்

வணக்கம், வாருங்கள். ஒரு நிமிடம், மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. நிறுத்திவிட்டு வருகிறேன்.

சரி. போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் ஒரு கொலைத் தொடரைப் பற்றிப் பேசினேன், நினைவிருக்கிறதா? தொடரின் பெயரைத் திரும்பச் சொல்ல மாட்டேன், அவமானம் எனக்குத்தான். மூன்றாம் எபிசோடில் சமையலறைச் சுவர்க் கடிகாரம் நாலு பத்து காட்டியது. அங்கே சாட்சி சொல்லும் பெண் திரும்பிப் பேசும்போது ஐந்தரை. மறுபடி நாலு பத்து. நான் துள்ளிக் குதித்துவிட்டேன். இரண்டு வெவ்வேறு நாட்களை ஒரே காட்சியாகத் தைத்திருக்கிறார்கள், அவள் சொல்லும் சாட்சியம் பொய், கொலை செய்தவள் அவள்தான் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

போன வாரம் கடைசி எபிசோட் வந்தது. கொலையாளி அவள் இல்லை. இரண்டு நாட்களும் இல்லை. படப்பிடிப்பில் யாரோ கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த மறதிக்கு நான் நாற்பது நிமிடம் பொழிப்புரை எழுதியிருக்கிறேன்.

சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் உற்றுப் பார்த்ததற்காக எனக்கு வெட்கம் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இன்று வந்தேன்.

'வெஸ்ட்வேர்ல்ட்' முதல் சீசனைப் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். 2016இல் வந்தது, பத்து எபிசோட். மனிதர்கள் பணம் கட்டிப் போய் இயந்திர மனிதர்களோடு விளையாடும் ஒரு பூங்கா. வில்லியம் என்ற சாதுவான இளைஞன் முதல்முறையாக அங்கே வருகிறான். இன்னொரு பக்கம் கறுப்பு உடை அணிந்த கொடூரமான கிழவன் ஒருவன் அங்கேயே திரிகிறான். இரண்டும் ஒரே காலத்தில் நடப்பது போலத்தான் காட்டினார்கள். ரசிகர்களில் சிலர் பூங்காவின் சின்னத்தை உற்றுப் பார்த்தார்கள். வில்லியம் வரும்போது தெரியும் சின்னம் வேறு, மற்ற காட்சிகளில் உள்ள சின்னம் வேறு. அப்படியானால் வில்லியம் வருவது பல வருடங்களுக்கு முன்னால், அந்த இளைஞன்தான் இந்தக் கிழவன் என்று சீசன் பாதியைத் தாண்டும் முன்பே கணக்குப் போட்டுவிட்டார்கள். அதுதான் நடந்தது.

இப்போது சொல்லுங்கள், அவர்கள் பார்த்த சின்னத்துக்கும் நான் பார்த்த கடிகாரத்துக்கும் என்ன வித்தியாசம்? உற்றுப் பார்க்கும் பழக்கம் இரண்டிலும் ஒன்றேதான். ஆனால் ஒன்று துப்பு, மற்றது பிழை. திரையில் இரண்டுக்கும் முகம் ஒன்று போலவே இருக்கிறது.

அடிபட்ட பிறகு நான் எனக்காக வைத்துக்கொண்ட சோதனை இது. ஒரு பொருள் ஒரே காட்சிக்குள் மாறினால் அது பெரும்பாலும் கைமறதி. பல எபிசோடுகளில் திரும்பத் திரும்ப வந்தால் யோசிக்கலாம். கேமரா அதன்மேல் தேவைக்கு அதிகமாக ஒரு கணம் நின்றால் நிமிர்ந்து உட்காரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் துப்பை நம்பினால் ஒரு கதாபாத்திரத்தின் ஆசையோ பயமோ புதிதாக விளங்க வேண்டும். வில்லியம்தான் கிழவன் என்றதும் அந்தக் கிழவனின் கசப்புக்கு ஒரு காரணம் கிடைத்தது. என் கடிகாரம் அந்தப் பெண்ணைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. அவளைக் கொலைகாரி ஆக்கியது, அவ்வளவே. அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடிக்காத பகுதி. ரசிகர்கள் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பதைப் பார்த்து, அந்தத் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோனதன் நோலன், அடுத்த சீசனுக்கு யோசித்திருந்த ஒரு திருப்பத்தை ரசிகர்கள் ஊகித்துவிட்டதால் மாற்றுவதாகச் சொன்னார். 2018 ஏப்ரலில், இரண்டாம் சீசன் முழுக் கதையையும் நாங்களே சொல்லிவிடுகிறோம் என்று அறிவித்து ஒரு வீடியோ போட்டார்கள். ஆவலோடு திறந்தால், நடிகை இவான் ரேச்சல் வுட் ஒரு பழைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். அந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடித்தது. கதையை மாற்றியதுதான் பிடிக்கவில்லை.

காரணம் எளிது. திருப்பம் என்பது கதைக்குள் விதைத்திருந்தால்தான் முளைக்கும். விதைத்ததைப் பார்வையாளர் பார்த்துவிட்டார் என்றால் நியாயமாக விதைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அவர் பார்த்துவிட்டாரே என்று பயிரைப் பிடுங்கி வேறொன்றை நட்டால், அதற்கு வேர் இருக்காது. யாருமே ஊகிக்க முடியாத கொலையாளியை உருவாக்குவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கடைசி எபிசோடில் புதிதாக ஒருவனைக் கொண்டு வந்து நிறுத்தினால் போதும்.

விடையைச் சொல்ல மறுத்தவர்களும் உண்டு. 1990இல் 'ட்வின் பீக்ஸ்' தொடர் வந்தபோது, அதில் வரும் லாரா பால்மர் என்ற பெண்ணைக் கொன்றது யார் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். தொடரை உருவாக்கிய டேவிட் லிஞ்சுக்கும் மார்க் ஃப்ராஸ்டுக்கும் அதற்கு அவசரமாக விடை சொல்லும் எண்ணமே இல்லை. அலைவரிசை நெருக்கியது, இரண்டாம் சீசனில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு பார்வையாளர்கள் கரைந்தார்கள், 1991இல் தொடரே நின்றது. பொன் முட்டையிடும் வாத்தை அறுத்த கதைதான்.

ரசிகர்களின் ஊகத்தையே கதைக்குள் எடுத்துக்கொண்டவர்கள் 'ஷெர்லாக்' தொடரின் குழுவினர். 2012 ஜனவரியில் துப்பறிவாளன் ஷெர்லாக் மாடியிலிருந்து குதித்தான். அவன் உயிரோடு இருப்பதைக் கடைசி நொடியில் காட்டிவிட்டார்கள், எப்படித் தப்பினான் என்பதைக் காட்டவில்லை. அடுத்த எபிசோட் வந்தது 2014 ஜனவரி முதல் தேதி. இரண்டு வருடங்கள்! குப்பை லாரி, மாற்றுப் பிணம், நாடித்துடிப்பை மறைக்க அக்குளில் ரப்பர் பந்து என்று உலகம் முழுக்க ஆளுக்கொரு விளக்கம். திரும்பி வந்த எபிசோடில் ரசிகர் குழு ஒன்றையே கதாபாத்திரங்களாக வைத்து, விதவிதமான விளக்கங்களைக் காட்டிக் கிண்டல் செய்தார்கள். ஷெர்லாக்கே சொல்லும் விளக்கத்தைக்கூட முழுதாக நம்பவிடவில்லை. சிலருக்குக் கோபம். எனக்கு அது நம்மைப் பார்த்துக் கண்ணடித்தது போலத்தான் இருந்தது.

ஒரு வகை ஊகத்தை மட்டும் நான் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. “இவர் இவ்வளவு பெரிய நடிகர், இரண்டு வசனத்துக்காகவா வந்திருப்பார்? இவர்தான் கொலையாளி.” சரியாகத்தான் இருக்கும், பல முறை சரியாக இருந்திருக்கிறது. ஆனால் அது கதையைப் படிப்பதல்ல, சம்பளப் பட்டியலைப் படிப்பது. எட்டு எபிசோட் கொண்ட 'பிராட்சர்ச்' தொடரின் முதல் சீசனில் நடிகர்களில் பெரும்பாலோருக்கே கொலையாளி யார் என்று நெடுநாள் சொல்லவில்லை. அப்போதுதான் முகத்தில் எதுவும் கசியாது. நல்ல ஏற்பாடு.

மொத்தமாக ஒரே நாளில் எல்லா எபிசோடுகளையும் வெளியிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஊகம் வளர ஏழு நாட்கள் வேண்டும். இரவு முழுக்கக் கண்விழித்துப் பார்த்து முடிப்பவருக்கு யோசிக்கும் இடைவெளி எங்கே இருக்கிறது? 1980 மார்ச்சில் 'டல்லாஸ்' தொடரின் முக்கியக் கதாபாத்திரமான ஜே.ஆர். சுடப்பட்டார். நடிகர்கள் வேலைநிறுத்தம் வேறு சேர்ந்துகொள்ள, சுட்டது யார் என்று நவம்பரில்தான் தெரிந்தது. பந்தயம் கட்டும் அளவுக்கு ஊகம் போனது. விடை சொன்ன எபிசோடை அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 8 கோடி பேர் பார்த்தார்கள். அந்தக் காத்திருப்பை எந்தத் திருப்பமும் தனியாகச் சம்பாதித்துவிட முடியாது.

2011இல் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் சிறுகதைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு முன்பே தெரிந்தவர்கள் கதையைச் சற்று அதிகமாகவே ரசித்தார்களாம். அதைக் காட்டி, ஸ்பாய்லர் சொன்னால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது ஒரே மூச்சில் படித்துவிடும் சிறுகதை. இரண்டு மாதம் மனத்தில் போட்டு உருட்டிய கேள்வியின் விடையை வழிப்போக்கர் ஒருவர் சொல்லிவிட்டுப் போவதும் அதுவும் ஒன்றா? நானாகக் கண்டுபிடித்தால் அது என் உழைப்பு. நீங்கள் வந்து சொன்னால் திருட்டு. ஆகவே இறுதி எபிசோடை முதலில் பார்ப்பவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள். அன்போடுதான் சொல்கிறேன்.

ஆ, கிளம்பும் முன் ஒன்று. இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் தொடரில் நாலு எபிசோட் முடிந்திருக்கிறது. என் ஊகத்தைத் தாளில் எழுதி இந்த உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டேன், இதோ தெரிகிறதா? கடைசி எபிசோட் அன்று உங்கள் முன்னாலேயே பிரிக்கிறேன். இந்த முறை கடிகாரம் இல்லை. ஒரு குடை. மூன்று எபிசோடுகளில் வந்துவிட்டது, கேமரா இரண்டு முறை நின்று பார்த்தது, ஒரு முறைகூட மழை பெய்யவில்லை.