அலஸ்டர் சிம்: குரலை முதலில் கற்ற நடிகர்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

இன்று நான் பேசப்போவது அலஸ்டர் சிம் என்ற ஸ்காட்லாந்து நடிகரைப் பற்றி. 1900 அக்டோபரில் எடின்பரோவில் பிறந்தார். 1976 ஆகஸ்டில் லண்டனில் மறைந்தார். மேடையிலும் திரையிலுமாக நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடித்தவர். வானொலியில் பேச இவரைவிடப் பொருத்தமான நடிகர் எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால், நடிக்க வருவதற்கு முன்பே அவர் குரலைக் கற்றுத் தேர்ந்திருந்தார். அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் வயிறு வளர்த்தார்.

தந்தை எடின்பரோவின் லோதியன் சாலையில் தையற்கடை வைத்திருந்தார். நான்கு பிள்ளைகளில் அலஸ்டர் கடைக்குட்டி. பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கப் போனவரை 1918இல் ராணுவப் பயிற்சிக்கு அழைத்தார்கள். அந்த ஆண்டே முதல் உலகப் போரும் ஓய்ந்தது. வீடு திரும்பியவர், நடிகனாகப் போகிறேன் என்றார். வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. இவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வடக்கே மலைநாட்டுக்குப் போய், கிடைத்த வேலையைச் செய்து ஊர் ஊராக அலையும் கூலியாட்களோடு ஓராண்டு போலக் கழித்தார்.

திரும்பி வந்தபோதும் மேடைக் கதவு உடனே திறக்கவில்லை. கவிதை வாசிப்பில் இறங்கினார், பதக்கம் வாங்கினார், பேச்சுக்கலை ஆசிரியரானார். 1925 முதல் ஐந்தாண்டு எடின்பரோவின் நியூ காலேஜில் விரிவுரையாளர். அங்கே அவரிடம் பயின்றவர்கள் தேவாலயப் போதகர்களாகப் போகிற இளைஞர்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். கல்லால் கட்டிய பெரிய தேவாலயத்தில் கடைசி வரிசையில் இருக்கும் மூதாட்டிக்கும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர வேண்டும். ஆனால் கத்தவும் கூடாது. எந்தச் சொல்லில் மூச்சு வாங்குவது, எதை மெல்ல இழுப்பது, எங்கே சட்டென்று நிறுத்துவது என்பதெல்லாம் அங்கே அன்றாடப் பாடம். பிற்காலத்தில் விமர்சகர்கள் வியந்த அவருடைய நடிப்பு முறையின் வேர் அந்த வகுப்பறையில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜான் டிரிங்க்வாட்டர் என்ற கவிஞரும் நாடகாசிரியருமானவர் ஊக்கம் கொடுக்க, முப்பது வயதை நெருங்கும்போது லண்டனுக்கு வந்தார். 1930இல் சவாய் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'. ஒத்தெல்லோவாக நடித்தவர் பால் ராப்சன், டெஸ்டிமோனாவாக பெக்கி ஆஷ்கிராஃப்ட். நம்மவருக்குத் தூதுவன் வேடம்தான்! அதன்பின் ஓல்டு விக் நாடகக் குழு, 1935 முதல் சினிமா. அந்தப் பத்தாண்டின் பெரும்பாலான படங்களை இன்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

திருப்பம் தந்தவர் ஜேம்ஸ் பிரைடி. கிளாஸ்கோ நகரத்து மருத்துவர், நாடகமும் எழுதியவர். அவருடைய 'மிஸ்டர் போல்ஃப்ரி' நாடகத்தை 1943இல் சிம் இயக்கி, அதில் கண்டிப்பான போதகர் ஒருவராகவும் நடித்தார். ஐந்தாண்டு போதகர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் போதகராகவே மேடை ஏறினார்; லண்டன் கொண்டாடியது. 1951இல் பிரைடி இறக்கும்வரை இருவரும் இணைந்தே வேலை செய்தார்கள்.

உலகம் சிம்மை நினைவில் வைத்திருப்பது அதே 1951இல் வந்த 'ஸ்க்ரூஜ்' படத்துக்காக. சார்ல்ஸ் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை. எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஒரு கிழவர் ஒரே இரவில் மனம் மாறுகிறார். இந்த வேடத்தில் எத்தனையோ பேர் நடித்திருக்கிறார்கள். பெரும்பாலோர் முதல் பாதியில் உறுமுவார்கள், கடைசியில் சிரிப்பார்கள். சிம் வேறு விதம். அவருடைய கஞ்சத்தனத்துக்கு அடியில் ஆறாத துக்கம் ஒன்று தெரியும். அதனால்தான் அவர் விடியற்காலையில் துள்ளிக் குதிக்கும்போது நமக்குக் கண் கலங்குகிறது. தலைகீழாக நிற்கிறார், வீட்டு வேலைக்காரம்மா அலறியடித்துப் படிக்கட்டில் ஓடுகிறார். துரத்திப் பிடித்து, கையில் ஒரு பொற்காசை வைத்து, வாரக் கூலி இரண்டு ஷில்லிங்கைப் பத்தாக உயர்த்துகிறார். அந்தக் குரல் கிறீச்சிடுகிறது, கொஞ்சுகிறது, சிரிப்பில் உடைகிறது.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது சற்றுப் பின்னால் வரும் ஓர் இடம். மருமகன் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறார். கூடத்தின் கதவருகே நின்றுவிடுகிறார். இத்தனை வருடம் உதறித் தள்ளிய உறவு. எந்த முகத்தோடு உள்ளே போவது? கதவைத் திறந்துவிட்ட பணிப்பெண்ணைத் திரும்பிப் பார்க்கிறார். அவள் புன்னகையோடு தலையசைக்கிறாள். உள்ளே போகிறார். ஒரு சொல் இல்லை. பேச்சை ஆண்ட மனிதர், அது தேவைப்படாத இடத்தையும் அறிந்திருந்தார்.

1954இல் 'த பெல்ஸ் ஆஃப் செயின்ட் டிரினியன்ஸ்' படத்தில் பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியையாகவும், அவருடைய சூதாட்டத் தரகுச் சகோதரனாகவும் இரட்டை வேடம். பெண் வேடம் என்று குரலைக் கீச்சென்று ஆக்கவில்லை. நாகரிகமான, சற்றுக் களைத்த குரல். ஐந்து நிமிடத்தில் நாம் அந்த அம்மாளை நம்பிவிடுகிறோம்.

இவ்வளவு புகழிலும் அவர் யாருக்கும் ஆட்டோகிராஃப் போட்டதில்லை. பேட்டிகளையும் முடிந்தவரை தவிர்த்தார். சர் பட்டம் வந்தபோது மறுத்துவிட்டார். டிக்கெட் வாங்கி வந்தவருக்கு மேடையில் கொடுப்பதோடு தன் கடன் தீர்ந்தது என்பது அவர் நிலை. இதைச் செருக்கு என்று சொன்னவர்கள் உண்டு; எனக்கு அது தொழில் மீதான பக்தியாகவே தெரிகிறது. மாணவர்கள் என்றால் மட்டும் மனம் இளகுவார் போலும். 1948இல் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள், நிர்வாகத்தில் தங்கள் பிரதிநிதியாக இருக்கும் ரெக்டர் பதவிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தபோது மனமுவந்து ஏற்றார். அந்தத் தேர்தலில் தோற்றவர்களில் ஒருவர் பின்னாளில் பிரதமரான ஹெரால்ட் மேக்மில்லன்.

ஜார்ஜ் கோல் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. தத்துப் பிள்ளையாக வளர்ந்த, பதினான்கு வயதில் படிப்பை விட்ட லண்டன் பையன். 1940இல் ஒரு நாடகத்தில் சிம்முடன் நடித்தான். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழும் நகரத்தில் இவனை எப்படி விடுவது என்று சிம்மும் மனைவி நவோமியும் அவனையும் அவனை வளர்த்த தாயையும் தங்கள் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார்கள். சிம் அவனுக்குப் பேச்சைக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பையன் பெரிய நடிகனானான். பிறகு சிம் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டான்.

'ஸ்க்ரூஜ்' படத்தில் கிழவரின் இளமைக் காலம் வரும் காட்சிகளில் நடித்திருப்பவர் அந்த ஜார்ஜ் கோல்தான். படம் பார்க்க வாய்த்தால் அந்த இளைஞன் பேசும்போது காது கொடுத்துக் கேளுங்கள். வணக்கம்.