முகத்துவாரத்தில் தொடங்கும் வேலை

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் ஆறு, கால்வாய், கரை, மதகு என்றே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாதி வருடங்கள் அடையாற்றங்கரையில் போயின. சென்னையில் வெள்ளத்தைக் குறைக்க என்ன கட்டலாம் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எதைக் கட்டுவது என்பதைவிட எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதையே பேசுகிறேன்.

உங்கள் வீட்டு மொட்டைமாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்கிறது, தண்ணீர் நிற்கிறது. நீங்கள் முதலில் எங்கே போவீர்கள்? மாடியின் நடுவில் நின்று பெருக்க மாட்டீர்கள். மூலையில் குழாய் வாயில் கையை விட்டு, அடைத்திருக்கும் சருகை எடுப்பீர்கள். ஊரும் அப்படித்தான். சென்னை கடல் மட்டத்திலிருந்து சராசரியாக 6, 7 மீட்டர் உயரத்தில் இருக்கும் தட்டையான ஊர். இங்கே தண்ணீர் தானாக வேகம் எடுக்காது. வெளியே போகும் வாய் திறந்திருந்தால்தான் பின்னால் நிற்கும் தண்ணீர் நகரும்.

அடையாற்றின் வாய் சீனிவாசபுரத்துக்கும் பெசன்ட் நகர்ப் பக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. உடைந்த பாலம் என்று எல்லோரும் படம் எடுக்கப் போகிறார்களே, அந்த இடம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை கரையோரமாக மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். கோடையில் ஆற்றில் வரத்து குறைவு, எதிர்த்துத் தள்ள தண்ணீர் இல்லை. அதனால் முகத்துவாரத்தில் மணல் திட்டு ஏறி, சில வருடம் வாயே மூடிக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன்னால் அதை வெட்டிவிட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் திட்டை வெட்ட என்னை அனுப்பினார்கள். பத்துப் பதினைந்து ஆட்கள், மண்வெட்டி, கூடை. நல்ல வெயில். மதியம் வரை வெட்டி, கடலோடு சேர்க்க இன்னும் ஆறடிதான் பாக்கி. நான் அவசரப்படுத்துகிறேன். வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெரியவர் எழுந்து வந்தார். "தம்பி, இப்போ திறக்காதீங்க. கடல் ஏறி வருது, வெட்டினதையெல்லாம் மணல் போட்டு மூடிடும். ராத்திரி தண்ணி வத்தும், அப்போ ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்து விடுங்க. மீதிய ஆறு பாத்துக்கும்" என்றார். சரி என்று காத்திருந்தோம். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கடைசி ஆறடியை வெட்டினோம். முதலில் கணுக்கால் அளவு தண்ணீர் சத்தமில்லாமல் போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் மணல் பாளம் பாளமாகச் சரிய ஆரம்பித்தது. ஆட்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். விடிந்து பார்த்தால் நாங்கள் தாண்டிக் குதித்த வாய்க்கால் நாற்பது அடி அகலம்! ஆறே வெட்டிக்கொண்டது.

இன்று பொக்லைன் இருக்கிறது, வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன கணக்கு மாறவில்லை. ஆற்று மட்டம் கடல் மட்டத்தைவிட உயரமாக இருக்கும்போதுதான் தண்ணீர் வெளியேறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரைக்குப் பக்கத்திலேயே நின்று கடலைக் கிளப்பிவிட்டபோது ஊருக்குள் தண்ணீர் எவ்வளவு மெதுவாக வடிந்தது என்பதை வேளச்சேரிக்காரர்களும் பள்ளிக்கரணைக்காரர்களும் மறந்திருக்க மாட்டார்கள்.

சரி, வாயில் இருபுறமும் பாறை கொட்டிச் சுவர் நீட்டிவிட்டால் மணல் வராதே என்று கேட்பீர்கள். நீட்டலாம், பலன் உண்டு. ஆனால் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் அரிக்கும். துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகன்றதும் ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை கரைந்ததும் நம் கண் முன்னால் இருக்கிறது. வடக்கே குடியிருக்கும் குப்பத்து மக்களைக் கேட்காமல் அந்தச் சுவரைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வாய்க்கு அடுத்து பாலங்கள். பாலத்தூண்களில் ஆகாயத்தாமரை வந்து சிக்கினால் அதுவே ஒரு தடுப்பணை. அதன் பிறகுதான் கரையை அகலப்படுத்துவது. 2015க்குப் பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஆற்றை அகலப்படுத்தி, மூடு கால்வாய்கள் போட்டார்கள். நல்ல வேலை, அங்கே மக்களுக்கு அது தேவை. ஆனால் மேலே அகலப்படுத்தினால் தண்ணீர் கீழே சீக்கிரம் வரும். சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் கோட்டூர்புரமும் அதைத் தாங்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், கடலிலிருந்து மேலே ஏறி வாருங்கள்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றுக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். இந்தக் கணக்கு வினாடிக்கு. நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 68 லாரி. இது ஏரித் தண்ணீர் மட்டும். மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரியும் தாம்பரத்துப் பெருமழையும் வேறு வந்து சேர்ந்தன.

தெருவில் மழைநீர் வடிகால் வருவது கடைசிப் படி. எங்கள் தெருவில் ஒரு வருடம் அழகாக வடிகால் கட்டினார்கள். பெரிய கால்வாயோடு சேர்க்க வேண்டிய கடைசி இருபது அடி மட்டும் நின்றுபோயிற்று. அந்த மழைக்கு வடிகால் மூடிகள் வழியாகத் தண்ணீர் மேலே கொப்பளித்து, கோடி வீட்டு அம்மாவின் அடுப்படிக்குள் போனது. அரிசி டிரம்மைக் கட்டில் மேல் ஏற்றிவைத்துவிட்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். அதனால் உங்கள் தெருவில் பள்ளம் தோண்ட வருபவரிடம் கேளுங்கள்: "இது எங்கே போய் முடியுது?" கால்வாய் பெயரைச் சொல்லட்டும், அதுவரை இணைப்பு முடிந்துவிட்டதா என்றும் சொல்லட்டும்.

பள்ளிக்கரணையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. அந்தச் சதுப்புநிலத் தண்ணீர் ஒக்கியம் மடுவு என்ற வாய்க்கால் வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காடு வரை போய்த்தான் கடலைப் பார்க்கிறது. அவ்வளவு தூரம். அங்கேயும் ஒரு முகத்துவாரம், அங்கேயும் மணல். கிண்டி பந்தய மைதானத்தில் வெட்டிய குளங்கள் போல ஊருக்குள் தண்ணீரை நிறுத்திவைக்கும் இடங்கள் இன்னும் நிறைய வேண்டும். ஏரி நிரம்பி வழியும் கலங்கல், அந்தத் தண்ணீரைக் கொண்டுபோகும் போக்குக்கால்வாய் பற்றி இன்னொரு நாள் அழைத்தால் அவசியம் வந்து பேசுகிறேன். வணக்கம்.